எடை பார்க்கும் மேசையில் கழுத்தையும் அளந்து பாருங்கள்

சிங்கப்பூரில் உடல்நலப் பரிசோதனை முகாம் நடத்தும் தமிழ் அமைப்புகளின் செயற்குழுக்களுக்கும் கோயில் மேலாண்மைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமூக மன்றத்திலோ கோயில் மண்டபத்திலோ நீங்கள் நடத்தும் முகாம்களில்தான் நம்மவர் பலருக்குத் தங்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முதன்முதலாகத் தெரியவருகின்றன. அந்தப் பணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. (முகாம் முடிந்த கையோடு கேசரியும் வடையும் பரிமாறுவதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.) இந்த மடல் உங்கள் முகாமின் ஒரே ஒரு மேசையைப் பற்றியது: எடையும் உயரமும் பார்க்கும் மேசை. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் நோய் இருக்கிறதா என்பதையும் அங்கே எல்லாரிடமும் கேட்டறியுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அங்கே இப்போது நடப்பது இதுதான். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எடைக்கருவியில் ஏறுகிறார். 92 கிலோ, உயரம் 1.70 மீட்டர். தொண்டூழியர் கணக்குப் போட்டு உடல் எடைக் குறியீடு 31.8 என்று அட்டையில் எழுதி, "எடையைக் கொஞ்சம் குறைங்கண்ணே" என்கிறார். அடுத்து வருபவரும் அதே உயரம், 66 கிலோ, குறியீடு 22.8. "நீங்க நல்லா இருக்கீங்க" என்று அனுப்பிவிடுகிறார். இரவில் மூச்சு எப்படிப் போகிறது என்று இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. முதலாமவருக்குக் கிடைத்தது பாதி அறிவுரை. இரண்டாமவருக்குக் கிடைத்த நற்சான்று அவசரமானது.

மருந்தகங்களில் ஸ்லீப் ஏப்னியா என்று சொல்லப்படும் உறக்க மூச்சுத்தடைக்கும் உடல் எடைக்கும் உள்ள உறவு அனைவரும் அறிந்ததுதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாததால், நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரைகூடத் தவறாகப் போகிறது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

மூக்குக்குள் எலும்பும் குருத்தெலும்பும் உண்டு. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. இடைப்பட்ட தொண்டைக்கு மட்டும் அப்படி ஒரு தாங்கல் இல்லை. அதைத் திறந்து பிடித்திருப்பவை தசைகளே. உறங்கியதும் அந்தத் தசைகள் தளரும். வழி ஏற்கெனவே குறுகலாக இருந்தால், மூச்சை உள்ளிழுக்கும் வேகத்திலேயே தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். மார்பும் வயிறும் மூச்சுக்குப் போராடும். காற்று மட்டும் போகாது. இப்படி 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு தடை. காற்று முழுதாக நிற்காமல், பெருமளவு குறைந்து ஆக்ஸிஜன் இறங்கினாலும் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். மூளை அரைகுறையாக விழித்துத் தசையை இறுக்கும், பெரிய சத்தத்தோடு ஒரு மூச்சு, மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு 5 தடவைக்குக் குறைவென்றால் இயல்பு. 5 முதல் 15க்குள் இலேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரம், 30ம் அதற்கு மேலும் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. காலையில் எழுந்தால் அவருக்கு இதில் ஒன்றும் நினைவிருக்காது. "படுத்ததும் தூங்கிடுவேன், நல்ல தூக்கம்" என்றுதான் சொல்வார்.

எடை இதில் எங்கே நுழைகிறது? இரண்டு இடங்களில். முதலாவது தொண்டை. கழுத்தைச் சுற்றியும் தொண்டையின் பக்கச் சுவர்களிலும் கொழுப்பு சேர்ந்தால் வழி குறுகும். நாக்கிலும் கொழுப்பு படியும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 67 பேரின் எடை குறைவதற்கு முன்னும் பின்னும் எம்ஆர்ஐ படம் எடுத்து, 2020ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 10 விழுக்காடு எடை குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடை ஏறக்குறைய 31 விழுக்காடு குறைந்தது. அதற்கு முதன்மைக் காரணமாக அவர்கள் கண்டது நாக்கின் கொழுப்பு கரைந்ததைத்தான்.

இரண்டாவது இடம் வயிறு. தொப்பை உள்ளவர் மல்லாந்து படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரலில் தங்கும் காற்று குறையும். நுரையீரல் நன்றாக விரிந்திருக்கையில் மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்துத் தொண்டைச் சுவரை விறைப்பாக வைத்திருக்கும். காற்று குறைந்தால் அந்த இழுவையும் தளர்ந்துவிடும். கையிருப்பில் ஆக்ஸிஜனும் குறைவு என்பதால், அதே 20 விநாடி அடைப்பு இவருக்கு ஆக்ஸிஜனை இன்னும் ஆழமாக இறக்கும். ஆண்களுக்குக் கொழுப்பு கழுத்திலும் வயிற்றிலும் சேர்வது அதிகம் என்பது அவர்களுக்கு இந்நோய் அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது.

கணக்கு எவ்வளவு என்றால், அமெரிக்காவின் விஸ்கான்சினில் நூற்றுக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2000ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். எடை 10 விழுக்காடு கூடினால் மணிக்கு நேரும் தடைகள் சராசரியாக 32 விழுக்காடு கூடின. 10 விழுக்காடு குறைந்தால் 26 விழுக்காடு குறைந்தன. எடை கூடும்போது நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை புதிதாக வரும் வாய்ப்பு ஆறு மடங்கானது.

இந்த 26 விழுக்காட்டைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். எங்கள் வேண்டுகோளின் முதல் பாதி அதில்தான் இருக்கிறது. மணிக்கு 12 தடவை மூச்சு நிற்பவர் 10 விழுக்காடு எடை குறைத்தால் சராசரிக் கணக்கில் 9க்கு வருவார். பெரிய ஆறுதல். மணிக்கு 40 தடவை நிற்பவர் அதே அளவு குறைத்தால் 30க்கு வருவார். அதாவது கடுமையான நோயிலிருந்து கடுமையான நோயின் வாசலுக்கு. 92 கிலோக்காரர் 9 கிலோ குறைக்க, ஒழுங்காக முயன்றாலும் பல மாதம் ஆகும். "முதல்ல எடையைக் குறைங்க, அப்புறம் குறட்டையைப் பார்ப்போம்" என்று நாம் சொல்லும்போது, அந்த மாதங்கள் முழுவதும் அவர் மூச்சு நிற்க விட்டுவிடுகிறோம். இரத்த அழுத்தம் இரவில் இறங்க வேண்டியது இறங்காமலே இருக்கும். அவர் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்கும் போவார்.

அதோடு, இந்த நோய் இருக்கும்வரை எடை குறைப்பதும் கடினம். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 2004ல் ஓர் ஆய்வு. ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அது உறக்கத்தைச் சுருக்கிச் செய்த ஆய்வு. மூச்சுத்தடை நோயாளிகளிடம் செய்ததன்று. ஆனால் துண்டு துண்டாக உறங்கி எழுபவர் பிற்பகல் 3 மணிக்கு எதைத் தேடுவார் என்பது காப்பிக்கடையில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும்: ஒரு தே தாரேக்கும் (ஆற்றிய பால் தேநீர்) கூடவே இனிப்பாக ஏதாவது ஒன்றும். மாலையில் நடக்கப் போகத் தெம்பிருக்காது. நாம் அதைச் சோம்பேறித்தனம் என்போம்.

இரண்டாம் பாதி ஒல்லியானவர்களைப் பற்றியது. ஆசியர்களுக்குத் தாடை அமைப்பு சிறியதாக இருப்பதுண்டு. முகவாய் உள்வாங்கியிருந்தால் நாக்குக்கு இடம் போதாது, பின்னே தள்ளும். அப்படிப்பட்டவருக்குக் கொஞ்சம் கொழுப்பு கூடினாலே போதும். நம்மவர்களுக்கோ கை கால் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்னே வரும் உடல்வாகு சாதாரணம். குறியீடு அதைக் காட்டாது. இங்கே சுகாதார அமைச்சு, குறியீடு 23ஐத் தாண்டினாலே மிதமான அபாயம், 27.5லிருந்து அதிக அபாயம் என்று கணக்கிடுவதும் ஆசிய உடலமைப்பைக் கருதித்தான். 2016ல் வெளியான சிங்கப்பூர்ச் சமூக ஆய்வு ஒன்று, பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 10ல் 3 பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை இருப்பதைக் கண்டது. அப்படி இருந்தவர்களில் 10ல் 9 பேருக்கு அதுவரை அது தெரியாது. ஆகவே எடைக்கருவி யாரையும் உள்ளே விடவோ வெளியே நிறுத்தவோ வேண்டாம். எல்லாரிடமும் கேளுங்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கனடாவில் மயக்க மருத்துவர்கள் உருவாக்கி 2008 முதல் உலகெங்கும் பயன்பட்டுவரும் ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விகள் போதும். ஒருவருக்கு மூன்று நிமிடம். கேள்விகளைப் பாடப்புத்தகத் தமிழில் அச்சடித்துக் கொடுத்து நிரப்பச் சொல்வதை விட, நேரில் பேச்சுத் தமிழில் கேட்பதே பலன் தரும்.

முதல் நான்கும் கேட்டுத் தெரிந்துகொள்பவை. "நீங்க குறட்டை விடுற சத்தம் கதவைச் சாத்தினாலும் வெளியே கேட்குமா?" "பகல்ல அடிக்கடி அசதியா, தூக்கம் வர்ற மாதிரி இருக்கா?" "தூங்கும்போது உங்களுக்கு மூச்சு நின்னதையோ திணறினதையோ யாராவது பார்த்திருக்காங்களா?" "ரத்த அழுத்தம் இருக்கா, இல்ல அதுக்கு மாத்திரை எடுக்கிறீங்களா?" அடுத்த நான்கும் நீங்களே அட்டையில் பார்த்து எழுதக்கூடியவை: உடல் எடைக் குறியீடு, 50 வயதைத் தாண்டியவரா, கழுத்துச் சுற்றளவு, ஆணா என்பது. குறியீட்டுக்கு மூல வடிவத்தில் எல்லை 35. நம் மக்களுக்கு அதை 30 என்று வைத்துக்கொள்வதே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. உங்கள் முகாம் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கழுத்துக்கு எல்லை ஆண்களுக்கு 43 சென்டிமீட்டர், பெண்களுக்கு 41.

ஒவ்வோர் 'ஆம்'க்கும் ஒரு புள்ளி. 0 முதல் 2 வரை அபாயம் குறைவு. 5ம் அதற்கு மேலும் அதிகம். 3, 4 தான் தொல்லை. மாத்திரை சாப்பிடும் 50 வயது தாண்டிய ஆண் வந்து உட்கார்ந்தாலே மூன்று புள்ளி விழுந்துவிடும்; மண்டபத்தில் வரிசையில் நிற்கும் பெரியவர்களில் பலர் இப்படித்தான் இருப்பார்கள். அத்தனை பேரையும் மருந்தகத்துக்கு அனுப்பினால் இரண்டாவது முகாமோடு எல்லாருக்கும் சலித்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. முதல் நான்கு கேள்விகளில் குறைந்தது இரண்டுக்கு 'ஆம்' வந்து, அதோடு அவர் ஆணாகவோ, கழுத்து அல்லது குறியீடு எல்லை தாண்டியவராகவோ இருந்தால் அவரை அதிக அபாயத்தில் சேருங்கள். மற்ற மூன்று, நான்கு புள்ளிக்காரர்கள் அடுத்த முறை குடும்ப மருத்துவரைப் பார்க்கும்போது அட்டையைக் காட்டினால் போதும்.

கழுத்து அளப்பதில்தான் அதிகம் பிழை நேரும். துணி நாடா நாளடைவில் நீண்டுவிடும். தையற்கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பூசிய நாடாவை வாங்கி, ஓர் இரும்பு அடிக்கோலோடு ஒட்டிச் சரிபாருங்கள். அளக்கப்படுபவர் நிமிர்ந்து, நேரே பார்த்து நிற்க வேண்டும். உட்கார்ந்து குனிந்தால் கழுத்தளவு கூடிவிடலாம், எல்லைக்கோட்டில் அதுவே முடிவை மாற்றிவிடும். ஆண்களுக்குத் தொண்டை முடிச்சுக்குச் சற்றுக் கீழே. பெண்களுக்கு அதே உயரத்தில் விரலால் தடவினால் குரல்வளையின் கீழ் விளிம்பு தெரியும். நாடா முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இறுக்க வேண்டாம், தோலைத் தொட்டால் போதும். மூச்சை விட்டபின் அளவைப் படியுங்கள். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். அதற்கு மேலே தோலை ஒட்டிச் சுற்றிக்கொள்ளலாம். பெண்களுக்குப் பெண் தொண்டூழியர், ஒரு திரை. இவை இரண்டும் இல்லாவிட்டால் பாதிப்பேர் "பரவாயில்லம்மா" என்று நழுவிவிடுவார்கள்.

கேள்விகளிலும் சில பொறிகள் உண்டு. மாத்திரையால் அழுத்தம் 124/78 என்று வந்திருந்தால் "எனக்குப் பிரஷர் இல்லை" என்பார்கள். அது 'ஆம்' தான். மூச்சு நின்றதைப் பார்த்தவர் பெரும்பாலும் மனைவி. கணவர் பக்கத்தில் இருந்தால் அவர் வாய் திறக்கமாட்டார். சில வீடுகளில் அந்தச் சத்தம் தாங்காமல் அவர் கூடத்துக்கு மாறிப் பல ஆண்டாகியிருக்கும், ஆக இப்போது பார்க்க ஆளே இல்லை. தனியாக இருப்பவர்களிடம், கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து ஓர் இரவு ஒலிப்பதிவு செய்து குடும்ப மருத்துவருக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரே சீரான குறட்டை, பிறகு நிசப்தம், பிறகு வெடித்தாற்போல ஒரு மூச்சு என்ற வரிசைதான் முக்கியம். பெண்கள் குறட்டையைச் சொல்லமாட்டார்கள். அசதி, காலைத் தலைவலி, இரவில் தூக்கம் கலைவது என்று சொல்வார்கள். அதை வீட்டுவேலைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

எட்டோடு இரண்டைக் கூட்டிக் கேட்கலாம் என்பது எங்கள் ஆலோசனை. இவற்றுக்குப் புள்ளி இல்லை. ஒன்று, இரவில் எத்தனை முறை சிறுநீருக்கு எழுகிறீர்கள் என்பது. அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, இதயம் விரிந்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை என்றும் புராஸ்டேட் என்றும் நினைத்துப் பல ஆண்டு ஓட்டியவர்களில் சிலருக்குக் காரணம் இது. இன்னொன்று, வண்டி ஓட்டும்போது, குறிப்பாகச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, கண் செருகுகிறதா என்பது. டாக்சி, பேருந்து, லாரி ஓட்டுநர்கள் உரிமம் போய்விடுமோ என்று பயந்து மறைப்பார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது: கண் செருகும் நாளில் ஓட்டாதீர்கள், இது சிகிச்சையால் கட்டுப்படும் நோய், காலம் தாழ்த்தாமல் மருத்துவரைப் பாருங்கள். கேட்ட பதிலை அவருடைய முதலாளியிடம் யாரும் சொல்லக்கூடாது. தங்குவிடுதிகளில் ஊழியர்களுக்கு முகாம் நடத்துபவர்களுக்கு இது இரு மடங்கு பொருந்தும். அங்கே சாட்சிக்குப் பஞ்சமில்லை, ஓர் அறையில் பலர் படுப்பதால் யார் மூச்சு நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது கேலிப் பேச்சாகவே நின்றுவிடுகிறது. உயரத்தில் நின்று வேலை செய்பவர் பகலில் தூங்கி வழிவது கேலிக்குரிய விஷயமில்லை.

செய்யக் கூடாதது ஒன்று. விழித்திருப்பவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி 98 வந்ததும் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். விழித்திருக்கும்போது கடுமையான நோயாளிக்கும் 98 வரலாம். உறக்கத்தைக் கண்காணிக்கும் மின்னணுக் கைக்கடிகாரம் எச்சரித்தால் மருத்துவரிடம் போகட்டும். எச்சரிக்கவில்லை என்பதற்காக யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

அதிக அபாயம் என்று தெரிந்தவருக்கு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுங்கள். அதில் "குறட்டை" என்று ஒரு சொல் மட்டும் இருந்தால் பயனில்லை. புள்ளி எத்தனை, கழுத்து எத்தனை சென்டிமீட்டர், மூச்சு நின்றதைப் பார்த்தவர் யார், ஓட்டுநரா, என்னென்ன மாத்திரை என்பவை இருந்தால் மருத்துவர் உடனே முடிவெடுப்பார். அதை எடுத்துக்கொண்டு ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தில் அவர் பதிந்துள்ள குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) போகட்டும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசு மருத்துவமனைச் சிறப்பு மருத்துவரிடம் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். நேரே போனால் முழுக் கட்டணம். இந்த ஒரு வரியைச் சீட்டின் அடியில் அச்சடித்துவிடுங்கள். பரிசோதனை வீட்டிலேயே கருவி மாட்டியும் நடக்கும், மருத்துவமனை உறக்க ஆய்வகத்திலும் நடக்கும். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலைகளைப் பதிவதில்லை என்பதால் சில சமயம் குறைத்துக் காட்டும். அறிகுறி பலமாக இருந்து வீட்டுப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் ஆய்வகத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் இரண்டாவது சந்திப்புக்கு ஆள் வருவார்.

நோய் உறுதியானபின் எடைக் குறைப்பும் மூச்சுக்கான சிகிச்சையும் ஒன்றாகவே தொடங்க வேண்டும். சிபாப் என்ற காற்றழுத்தக் கருவியை ஆஸ்திரேலியாவின் காலின் சலிவன் குழுவினர் 1981ல் அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் நடுத்தர, கடுமையான நோய்க்கு முதல் சிகிச்சை அதுதான். முகக்கவசத்தின் வழியே வரும் காற்று தொண்டைச் சுவர்களை உள்ளிருந்து விலக்கிப் பிடிக்கிறது. கருவி போட்டால் எடை தானாக இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கருவி போட்டவர்களுக்குச் சராசரியாக அரைக்கிலோ கூடத்தான் செய்திருக்கிறது. அது தருவது தெம்பு. அந்தத் தெம்பை நடையிலும் தட்டிலும் பயன்படுத்துவது நம் வேலை. இலேசான நோய் உள்ளவர்களுக்குப் பல் மருத்துவர் செய்து தரும், கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் கருவியும் உதவும். ஒருக்களித்துப் படுப்பதும், படுக்கைக்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்தில் மது தொடாததும் எல்லாருக்கும் பொருந்தும்.

வாங்கிய கருவி பரணுக்குப் போவதற்கு நம் வீடுகளில் சில தனிக் காரணங்கள் உண்டு. உங்கள் தொண்டூழியர்கள் அவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது. முகத்திலும் தலையிலும் தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்தால் முகக்கவசத்தின் சிலிக்கோன் வழுக்கிக் காற்று கசியும். நாளடைவில் சிலிக்கோனும் கெட்டுவிடும். படுக்குமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கவசத்தையும் தினமும் துடைக்க வேண்டும். அடர்ந்த மீசைக்காரருக்கு மூக்கை மூடும் கவசத்தை விட மூக்குத்துளையில் பொருந்தும் சிறிய வகை ஒத்துவரும். குளிரூட்டியை 20 டிகிரியில் வைத்தால் குழாயில் ஈரம் தேங்கி மூக்கில் சொட்டும். வெப்பநிலையைச் சற்றுக் கூட்டவும், குழாயைப் போர்வைக்குள் விடவும், இல்லையேல் சூடேறும் குழாய் கேட்கவும். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர். சாம்பிராணி, ஊதுபத்தி ஏற்றும் வீட்டில் காற்று வடிகட்டி சீக்கிரம் கறுக்கும். வாரம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் மூச்சு முட்டுவதாகத் தோன்றினால், பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகலாம்.

எடைக்கு வருவோம். நீரிழிவு உள்ள மூச்சுத்தடை நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2009ல் வெளியான சோதனையில், தீவிர உணவு, உடற்பயிற்சித் திட்டத்தால் ஓராண்டில் சராசரி 10.8 கிலோ குறைந்தது. அவர்களில் 13.6 விழுக்காட்டினருக்கு நோய் முற்றிலும் அடங்கியது. திட்டத்தில் இல்லாதவர்களில் 3.5 விழுக்காடு. ஏறக்குறைய ஏழில் ஒருவர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம், ஆனால் மற்றவர்களுக்கும் தடைகள் குறைந்தன. இப்போது ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. டிர்செபடைட் மருந்தை 52 வாரம் போட்டவர்களுக்கு எடை 18 முதல் 20 விழுக்காடு இறங்கியது, மணிக்கு நேரும் தடைகள் 25 முதல் 29 வரை குறைந்தன என்று 2024ல் முடிவு வெளியானது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் உடல் பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான மூச்சுத்தடைக்கு அதை அனுமதித்தது. சோதனையில் சேர்ந்தவர்கள் அனைவரும் உடல் பருமன் உள்ளவர்கள். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும் போக்கு உண்டு. இணையத்தில் யாரோ விற்கும் ஊசியை வாங்கிப் போடுவது எந்த நிலையிலும் வேண்டாம், மருத்துவரிடமே கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் அரங்கில் ஏற்கெனவே சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டு படம் ஒட்டியிருக்கும்: பாதி காய்கனி, கால்பங்கு முழுதானியம், கால்பங்கு புரதம். அதோடு நாங்கள் சேர்ப்பது இரண்டுதான். பிற்பகல் தேநீரைப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஆக்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் பிராட்டாக்கடைக்குப் போகாதீர்கள். நிறைந்த வயிற்றோடு படுத்தால் உதரவிதானத்துக்கு இன்னும் சுமை, நெஞ்செரிச்சல் வேறு.

சிபாப் கருவி போடுபவருக்கு எடை 10 விழுக்காடு இறங்கினால் அவர் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். கன்னம் வற்றிக் கவசம் கசியத் தொடங்கும். கருவியின் பழைய காற்றழுத்தம் அதிகமாகி வயிற்றில் காற்று நிறைந்து உப்பும். அப்போது அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கலாம், சிலருக்குக் கருவியே தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அதைத் தீர்மானிப்பது பரிசோதனை முடிவு. சட்டை தளர்ந்துவிட்டது, மனைவி குறட்டை குறைந்ததாகச் சொல்கிறார் என்பதை வைத்துக் கருவியை மூட்டை கட்டுபவர்கள் உண்டு. குறட்டை குறைந்தும் மூச்சு நிற்பது தொடரலாம். எடை ஏறியவருக்கும் இதே விதிதான்.

அடுத்த முகாமுக்கு உங்களுக்குத் தேவைப்படுபவை: இரண்டு நாடா, ஒரு திரை, எடை மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை, இரண்டு தொண்டூழியர்கள், அவர்களுக்கு அரை மணி நேரப் பயிற்சி. பயிற்சிக்கு உங்கள் முகாம் மருத்துவரோ தாதியோ போதும். எட்டுக் கேள்விகளையும் சீட்டையும் முன்கூட்டியே அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிப்புத் தாளில் "காலையில் வெறும் வயிற்றுடன் வரவும்" என்று போடும் இடத்துக்குக் கீழே ஒரு வரியைச் சேர்த்தால் மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும்: "உங்களோடு ஒரே அறையில் உறங்குபவரையும் அழைத்து வரவும்."

அன்புடன்,
உறக்க ஆய்வகங்களிலும் சுவாசப் பிரிவுகளிலும் உணவியல் பிரிவுகளிலும் பணிபுரியும் தமிழர்கள் சிலர்
சிங்கப்பூர்